உப்பு வேற, எண்ணெய் வேற: காபி மேக்கர் கழுவுற கதை

போன வருஷம் அத்தை கோயமுத்தூர்லேருந்து வந்திருந்தப்ப நடந்தது. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் நான் காபி மேக்கர்ல வினிகர் ஊத்தி ஓட்டி, மூணு தடவை அலசி, பெருமையா வச்சிருந்தேன், தண்ணியும் புதுசுல இறங்குன மாதிரி வேகமா இறங்குச்சு, ஆனா அத்தை ஒரு வாய் குடிச்சிட்டு டம்ளரை அப்படியே டவராவுக்குள்ள வச்சிட்டாங்க. "ஏங்கண்ணு, இதுல எண்ணெய்க் கை ஏதாச்சும் பட்டுருச்சா? காறலடிக்குது." எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. பால் அன்னைக்குக் காலைல வந்த பாக்கெட், பொடி முந்தாநாள் அரைச்சது, மெஷினோ இப்பதான் கழுவுனது. அவங்க ஊருக்குப் போனதும் டிகாக்ஷன் விழுற கண்ணாடி ஜக்கோட மூடியைக் கழட்டி உள்பக்கம் விரலை விட்டுத் தேய்ச்சுப் பாத்தேன், நுனியில காவிக் கலர்ல பிசுபிசுன்னு ஒட்டுச்சு, மோந்து பாத்தா அத்தை சொன்னது சரி, பழைய எண்ணெய்ச் சட்டி வாடை.

அப்பதான் புரிஞ்சுது, நான் இத்தனை நாள் பாதி மெஷினைத்தான் கழுவிட்டு இருந்திருக்கேன்.

காபி மேக்கர்ல சேர்ற அழுக்கு ரெண்டு ஜாதி. ஒண்ணு தண்ணியிலேருந்து வர்ற உப்பு, வெள்ளையா பொருக்கு தட்டும், அதுக்குப் புளிப்பு வேணும். இன்னொண்ணு காபிக் கொட்டையிலேருந்து வர்ற எண்ணெய், காவியா பிசுக்குப் பிடிக்கும், அதுக்குக் காரம் வேணும், காரம்னா மிளகாய் இல்ல, சோடா. வினிகரை குடம் குடமா ஊத்துனாலும் எண்ணெய்ப் பிசுக்கு அசையாது, சோப்பு போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் உப்புப் பொருக்கு போகாது. நல்ல வேளையா சாதாரண டிரிப் மெஷின்ல இந்த ரெண்டும் ஒரே இடத்துல சேர்றதில்ல. தண்ணி டேங்க்லேருந்து மேல ஷவர் ஓட்டை வரைக்கும் வெறும் தண்ணி போற வழி, அங்க உப்பு மட்டும்தான். பொடி போடுற கூடை, வலை, ஜக்கு, ஜக்கு மூடி, இதெல்லாம் காபி போற வழி, அங்க எண்ணெய். அதனால எது எங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா வேலை பாதி முடிஞ்ச மாதிரி, மெஷினுக்குள்ள சோடாவும் ஓட்ட வேணாம், ஜக்கை வினிகர்ல ஊறவும் போட வேணாம்.

மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு வரி சொல்லிடறேன், ஏன்னா இதுல பம்ப்பு கிம்ப்புன்னு ஒண்ணும் கிடையாது. ஜக்கு உக்கார்ற சூட்டுத் தட்டுக்கு அடியில லாடம் மாதிரி வளைஞ்ச அலுமினியக் குழாய் ஒண்ணு இருக்கும், அதை ஒட்டியே ஹீட்டர் காயில் போகும். டேங்க்ல இருக்கற தண்ணி தானா அந்தக் குழாய்க்குள்ள இறங்கும், கொதிச்சதும் ஆவிக் குமிழி தண்ணியைத் தள்ளிக்கிட்டு மேல ஏறும், கீழ திரும்பிப் போகாம இருக்க ஒரு சின்ன வால்வு தடுக்கும், மேல போன தண்ணி ஷவர் ஓட்டை வழியா பொடி மேல விழும். அதனாலதான் விட்டு விட்டு குப் குப்னு சத்தம் போட்டு விழுது. இந்த அலுமினியக் குழாய்தான் மெஷினோட உயிர், உப்பு முதல்ல போய் உக்கார்றதும் அங்கதான்.

என்னோட முதல் மெஷின் அப்படித்தான் செத்துச்சு. வாங்கி ரெண்டு வருஷம் இருக்கும், ஒரு நாள் காலைல லைட்டே எரியல. தெருமுனையில மிக்சி ரிப்பேர் பண்ற அண்ணன் அடித்தட்டைக் கழட்டி, ரப்பர் ஹோஸை உருவி, அந்தக் குழாயை டேபிள் மேல டக் டக்னு ரெண்டு தட்டுனாரு, கோலப்பொடி கொட்டுன மாதிரி வெள்ளையா சில்லு சில்லா விழுந்துச்சு. "அக்கா, இது காபி மெஷினா, சுண்ணாம்புக் காளவாயா?" குழாய் ஓட்டையைக் காட்டுனாரு, சுண்டுவிரல் நுனி நுழையற அளவுக்கு இருக்க வேண்டிய இடத்துல வெளக்குமாத்துக் குச்சி போனாலே பெருசு. உப்பு சூட்டைச் சரியா கடத்தாது, அதனால தண்ணிக்குப் போக வேண்டிய சூடு காயில்லயே தங்கி, சூடு அதிகமாகி, பாதுகாப்புக்கு வச்சிருக்கற ஃபியூஸ் போயிடுச்சு. ஃபியூஸ் சின்ன காசுதான், ஆனா குழாய் அந்த நிலைமைல இருந்தா மறுபடியும் போகும்னு சொல்லிட்டாரு. குறை மெஷின் மேல இல்ல, ரெண்டு வருஷத்துல நான் ஒரு தடவை கூட உப்பு எடுக்கல.

இந்த உப்பு என்னன்னா, போர் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் எல்லாம் பைகார்பனேட்டா கரைஞ்சு கண்ணுக்குத் தெரியாம இருக்கும். சூடு பண்ணுனதும் அதுலேருந்து கார்பன் டை ஆக்சைடு பறந்து போயிடும், கரையாத கால்சியம் கார்பனேட் மிச்சமாகி படிஞ்சிடும். முட்டை ஓடு எதுல ஆனதோ அதேதான். நம்ம வீட்ல இதுக்கு வைத்தியம் ஏற்கனவே தெரியும், இட்லி குண்டான்ல தண்ணி ஊத்துறப்ப ஒரு கொட்டைப் புளியோ பிழிஞ்ச எலுமிச்சை மூடியோ போடுவாங்கல்ல, அடி வெள்ளை படியாம கறுக்காம இருக்கறதுக்கு, அதே கணக்குதான் இங்கயும். அதுக்காக மெஷினுக்குள்ள புளித்தண்ணி ஊத்திடாதீங்க, சக்கை போய் அடைச்சுக்கும். எலுமிச்சம்பழமும் வேணாம், ஒரு பழத்துல மிஞ்சிப் போனா ஒண்ணரை ரெண்டு கிராம் சிட்ரிக் ஆசிட் இருக்கும், நமக்குத் தேவைப்படுற அளவுக்குப் பத்துப் பன்னெண்டு பழம் பிழியணும், அதுக்கு ஊறுகாயே போட்டுடலாம்.

கழுவ வேண்டிய நேரம் வந்துடுச்சுன்னு மெஷினே சொல்லும். முன்ன பத்து நிமிஷத்துல இறங்குன டிகாக்ஷன் பதினஞ்சு இருபதுன்னு இழுக்கும், தண்ணியை விட ஆவி அதிகமா வரும், புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கற சத்தம் கேக்கும், சில சமயம் டேங்குக்குள்ளயே குமிழி வரும், அப்படி வந்தா அந்த வால்வுல பொருக்கு மாட்டியிருக்குன்னு அர்த்தம், அது சரியா மூடாம தண்ணி பின்னாடி வருது. டேங்க்ல கடைசியா கொஞ்சம் தண்ணி எப்பவும் மிச்சம் இருந்தாலும் இதே கதைதான். சூட்டை வச்சும் கண்டுபிடிக்கலாம், பொடி மேல தண்ணி 90லேருந்து 96 டிகிரிக்குள்ள விழணும்பாங்க, நான் தெர்மாமீட்டர்லாம் வச்சுக்கல, ஆனா டிகாக்ஷன் வெளிறிப்போய் சப்புன்னு இருந்து பொடியும் மாத்தலேன்னா சந்தேகம் வந்துடும்.

முதல்ல எண்ணெய்

நான் எண்ணெய்ப் பிசுக்கைத்தான் முதல்ல எடுப்பேன், ஏன்னா ஜக்கும் கூடையும் சுத்தமா இருந்தாத்தான் அப்புறம் உப்பு வெளிய வர்றது கண்ணுக்குத் தெரியும். பிளக்கைப் பிடுங்கி, மெஷின் ஆறுற வரைக்கும் விட்டுட்டு, கழட்ட வர்றதெல்லாம் கழட்டுங்க. கூடை, வலை, ஜக்கு, ஜக்கு மூடி. ஒரு பேசின்ல நல்ல சுடுதண்ணி, கை பொறுக்கற சூட்டை விட கொஞ்சம் ஜாஸ்தி, லிட்டருக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா, அதாங்க ஆப்ப சோடா, நாலு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், எல்லாத்தையும் அரை மணி நேரம் முழுக விடுங்க. பிசுக்கு ரொம்பப் பழசுன்னா சமையல் சோடா பத்தாது, அதுக்கு சோடியம் பெர்கார்பனேட்னு ஒரு பவுடர் ஆன்லைன்ல கிடைக்குது, துணிக்கறைக்குப் போடுற ஆக்சிஜன் ப்ளீச்சுல இருக்கறதும் அதுதான், வாசனை சேக்காததா பாத்து வாங்குங்க, ஒரு லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போட்டா கண்ணு முன்னாடியே தண்ணி டீ கலருக்கு மாறும், பாக்கவே ஒரு திருப்தி. ரெண்டு விஷயம் மட்டும் கவனம். அலுமினியச் சாமான் எதையும் அதுல போடாதீங்க, கறுத்துடும். ஃப்ளாஸ்க் மாதிரி மூடுற ஸ்டீல் ஜக்கா இருந்தா பவுடரை உள்ள போட்டு மூடியைத் திருகி வைக்காதீங்க, உள்ள வாயு வந்துக்கிட்டே இருக்கும், மூடி தெறிக்கும்.

ஊறுனதும் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. இங்க எல்லாரும் விட்டுடுற இடம் ஒண்ணு இருக்கு, கூடைக்கு அடியில. ஜக்கை நடுவுல எடுத்தா சொட்டாம நிக்கறதுக்கு ஸ்பிரிங் வச்ச ஒரு குட்டி ரப்பர் மூடி இருக்கும் பாருங்க, அதை விரலால மேல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே குழாய்க்கு அடியில காட்டணும். என்னோடதுல முதல் தடவை அமுக்கினப்ப உள்ளேருந்து கரிசல் மண் மாதிரி பழைய தூள் ஒரு ஸ்பூன் அளவுக்கு வந்துச்சு. கூடை ரொம்பி வழிஞ்சு மேடையெல்லாம் டிகாக்ஷனாகுதுன்னா தொண்ணூறு சதவீதம் அந்த மூடிதான் காரணம், இல்லேன்னா சிக்கரி. நம்ம ஊர் பொடியில சிக்கரி கலந்திருந்தா அது தண்ணி பட்டதும் கொழகொழன்னு ஆயிடும், ஃபில்டர் காபிக்கு அரைக்கிற நைஸும் சேந்தா வலை ஓட்டை சுத்தமா அடைச்சுக்கும். டிரிப் மெஷினுக்கு ரவை மாதிரி கொஞ்சம் கொரகொரன்னு அரைச்சுக் குடுங்கன்னு கடையில சொல்லி வாங்குனா இந்தத் தொல்லை பாதி குறையும். வலையைக் கழுவுனதும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க, வெளிச்சம் திட்டுத் திட்டா வந்தா இன்னும் அடைப்பு இருக்கு, பின்பக்கத்துலேருந்து பிரஷ் போட்டு முன்பக்கமா தள்ளணும்.

ஜக்கு வாய் குறுகலா இருந்து கை உள்ள போகலேன்னா ஒரு கைப்பிடி கல்லுப்பு, நாலஞ்சு ஐஸ்கட்டி, கொஞ்சூண்டு தண்ணி போட்டு சுழட்டுங்க, கல்லுப்பு தேய்க்கும், ஐஸ் அதைத் தள்ளிக்கிட்டு ஓடும். ஜக்கு நல்லா ஆறியிருக்கணும், சூட்டுல ஐஸ் போட்டா கண்ணாடி விட்டுடும். சூட்டுத் தட்டுல கருகி ஒட்டியிருக்கற டிகாக்ஷனுக்கு சோடாவைக் குழைச்சு ஈரத்துணியில தொட்டுத் துடைச்சாப் போதும், கம்பி நார் போட்டு சுரண்டினா மேல இருக்கற பூச்சு போயிடும்.

அப்புறம் உப்பு

இதுக்கு நான் இப்ப வினிகர் வாங்கறதில்ல, சிட்ரிக் ஆசிட்தான். மளிகைக் கடையில எலுமிச்சை உப்புன்னும் சொல்வாங்க, ஸ்குவாஷ் போடவும் பனீர் திரிக்கவும் வாங்கறது, சாப்பாட்டுக்கு உபயோகிக்கிற தரம்னு பாக்கெட்ல பாத்துக்கோங்க. நம்ம கடை வினிகர் நாலு சதவீதம் சுத்திதான் இருக்கும், சரிபாதி தண்ணி கலந்து ஊத்தலாம், வேலை செய்யும், ஆனா வீடு பூரா ஊறுகாய் பாட்டில் உடைஞ்ச மாதிரி நாத்தம் அடிக்கும், அஞ்சு தடவை அலசுனாலும் முதல் டம்ளர் காபியில லேசா தெரியும். சிட்ரிக் ஆசிட்ல வாடையே கிடையாது.

அளவு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 20 கிராம், தலை தட்டி நாலு டீஸ்பூன்னு வச்சுக்கோங்க. இந்த 20 கிராம் கணக்குப்படி 14 கிராம் உப்பு வரைக்கும் கரைக்கும். உங்க தண்ணியில லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை, அதாவது கரைஞ்சிருக்கற கால்சியம், மெக்னீசியத்தோட அளவு, தினம் ஒரு லிட்டர் ஓடுதுன்னு வச்சா மாசத்துக்கு மெஷின் வழியா போறது 9 கிராம், அதுலயும் எல்லாம் படியாது, ஒரு பங்குதான் படியும், அதனால மாசா மாசம் எடுத்தா ஒரு லிட்டர் கரைசலே தாராளம். ஜாஸ்தி போட்டா சீக்கிரம் போகும்னு நினைச்சு 100 கிராம் கொட்டாதீங்க, குழாய் அலுமினியம், அதையும் அரிக்கும், தவிர கெட்டியா போட்டு கொதிக்க விட்டா கால்சியம் சிட்ரேட்னு வேற ஒரு வெள்ளைப் படிவு வரும், அது சூட்டுல இன்னும் கரையாது, போன பிசாசு வேற வேஷத்துல வந்த கதையாயிடும்.

வெதுவெதுப்பான தண்ணியில முழுசா கரைச்சு, குருணை எதுவும் அடியில இல்லேன்னு பாத்துட்டு டேங்க்ல ஊத்துங்க. கூடை, ஜக்கு ரெண்டும் அதது இடத்துல இருக்கணும், உள்ள பொடியும் வேணாம், பேப்பரும் வேணாம். ஆன் பண்ணி, ஜக்குல ஒரு டம்ளர் அளவுக்கு விழுந்ததும் ஆஃப் பண்ணிடுங்க. இதுதான் முக்கியம். ஆசிட்டு குழாய்க்குள்ள நின்னு ஊறணும், ஒரே மூச்சுல ஓட்டிட்டா அது உப்பைத் தொட்டுட்டுப் போறதுக்குள்ள வெளிய வந்துடும். இருபது நிமிஷம் விடுங்க, மறுபடி ஒரு டம்ளர் ஓட்டுங்க, ஆஃப், இன்னொரு இருபது நிமிஷம், அந்த இடைவெளியில காது குடுத்துக் கேட்டா உள்ள சொய்ங்னு மெல்லிசா நுரைக்கிற சத்தம் கேக்கும். அப்புறம் மிச்சத்தை ஓட்டி முடிங்க. ஜக்குல விழுந்ததை வெளிச்சத்துல பாருங்க, லேசா கலங்கலும் வெள்ளைச் சில்லும் இருக்கும், என்னோடதுல ஒரு தடவை நகக்கண் அளவுக்கு வந்துச்சு. அதை ஒரு மெல்லிசு துணியில வடிகட்டிட்டு அதே தண்ணியை ஆற வச்சு இன்னொரு தடவை ஓட்டலாம். வடிகட்டாம ஊத்துனீங்கன்னா சில்லு போய் ஷவர் ஓட்டையில உக்காந்துக்கும், நீங்க எடுத்ததை நீங்களே திரும்பப் போட்ட மாதிரி.

ஆசிட்டுக்கு இன்னும் தெம்பு இருக்கான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு, ஒரு ஸ்பூன் கரைசலை எடுத்து அதுல ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்க, பொங்கி நுரைச்சா இன்னும் வேலை செய்யும், சும்மா கிடந்தா தீந்துபோச்சு, புதுசா கலக்கணும். இதே சோதனையை கடைசி அலசல் தண்ணிக்கும் பண்ணலாம், நுரையே வரலேன்னா ஆசிட் போயிடுச்சுன்னு அர்த்தம், காபி போடலாம். அலசுறதுன்னா டேங்க் நிறைய நல்ல தண்ணி, குறைஞ்சது ரெண்டு தடவை முழுசா ஓட்டணும், நான் மூணு ஓட்டுவேன். நடுவுல மெஷினை நாலு நிமிஷம் ஆற விடுங்க, வரிசையா ஓட்டுனா காயில் சூடேறி தானா நின்னுடும், பயந்துடுவீங்க.

ஷவர் ஓட்டையில வெள்ளை தெரிஞ்சா அந்த ஆசிட் தண்ணியிலயே பஞ்சை நனைச்சு ஓட்டை மேல அப்பி பத்து நிமிஷம் வச்சுட்டு குண்டூசியால மெதுவா குத்தி விடுங்க. டேங்க் உள்பக்கம் வழுவழுன்னு இருந்தா அது உப்பு இல்ல, பாசி மாதிரி பிசுக்கு, சோப்புத் தண்ணியில ஸ்பாஞ்சு போட்டுத் துடைச்சு அலசணும். வேலை இல்லாதப்ப டேங்க் மூடியைத் திறந்து காய விடணும்னு சொல்வாங்க, சரிதான், ஆனா நம்ம ஊர் கிச்சன்ல அந்தக் குட்டிக் கரப்பான் இருக்கே, சூடும் ஈரமும் இருந்தா குடும்பத்தோட குடியேறிடும், அதனால நான் நல்லா காயற வரைக்கும் ரெண்டு மணி நேரம் திறந்து வச்சுட்டு ராத்திரி மூடிடுவேன்.

இப்ப என் முட்டாள்தனம் ஒண்ணு. எங்க சமையல் மேடை கடப்பா கல்லு. முதல் தடவை சிட்ரிக் ஆசிட் கரைச்ச சொம்பை அது மேல வச்சிருக்கேன், அடியில ஈரம் இருந்திருக்கு, ராத்திரி பூரா அப்படியே கிடந்து காலைல எடுத்தா வட்டமா சாம்பல் பூத்த மாதிரி ஒரு தடம். துடைச்சேன், தேய்ச்சேன், எண்ணெய் கூட தடவிப் பாத்தேன், இன்னைக்கு வரைக்கும் போகல. கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் இனம்தான், மார்பிளும் அப்படித்தான், மெஷினுக்குள்ள இருக்கற உப்பைக் கரைக்கிற அதே ஆசிட் மேடையையும் கரைக்கும். கிரானைட்டுக்கு இந்த பயம் இல்ல. மத்தவங்க எல்லாரும் சின்க்குக்குள்ள இல்லேன்னா ஒரு பெரிய தட்டு மேல வச்சு வேலை பாருங்க.

செய்யக்கூடாதது ரெண்டு மூணு இருக்கு, அதை சீரியஸா எடுத்துக்கோங்க. பாத்ரூம் கழுவுற ஆசிட்டை கொஞ்சமா ஊத்திப் பாப்போம்னு நினைக்கவே நினைக்காதீங்க, அது ஹைட்ரோகுளோரிக், அலுமினியத்தை நுரைக்க நுரைக்க தின்னுடும், அப்புறம் அதுல காபி குடிக்க முடியாது. ப்ளீச்சிங் பவுடரும் புளிப்பும் ஒண்ணா சேந்தா குளோரின் வாயு வரும், மூடுன கிச்சன்ல அது விளையாட்டில்ல. வினிகரும் சமையல் சோடாவும் சேத்து ஊத்துனா டபுள் பவர்னு ஒரு நம்பிக்கை சுத்துது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சாப்பிட்டு முடிச்சுடும், நுரை பாக்க நல்லா இருக்கும், மிச்சம் வெறும் உப்புத்தண்ணி.

எத்தனை நாளுக்கு ஒரு தடவைங்கிறது உங்க தண்ணியைப் பொறுத்தது. அத்தை இதைக் கேட்டா "எங்கூரு சிறுவாணித் தண்ணிக்கு இதெல்லாம் எதுக்குங்கண்ணு"ம்பாங்க, அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, அது மென்மையான தண்ணி, ஆனா அதே கோயமுத்தூர்ல போர் தண்ணி வர்ற பக்கம் போனா பக்கெட்ல வெள்ளைக் கோடு விழும். குடிநீருக்கான நம்ம நாட்டுத் தரம், ஐஎஸ் 10500, 2012ல திருத்துனது, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்ங்குது, வேற தண்ணிக்கு வழியில்லேன்னா 600 வரைக்கும் விடுது. ஆர்ஓ மாட்ட வர்றவர் கையில ஒரு பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் வச்சுக் காட்டுவாரு, அது மொத்தமா எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு சொல்லுமே தவிர அதுல எவ்வளவு கால்சியம்னு சொல்லாது, கடலோரத்து போர்ல சோத்துப்பு கலந்து டிடிஎஸ் எகிறும், அது வேற கதை. சோப்பு நுரைக்குதா பாருங்க, குக்கர் அடியில, கெட்டில் அடியில எத்தனை நாள்ல வெள்ளை படியுதுன்னு பாருங்க, அதை விட நல்ல மீட்டர் இல்ல. போர் தண்ணியோ லாரித் தண்ணியோ ஊத்துனா மாசம் ஒரு தடவை, ஆர்ஓ தண்ணி ஊத்துனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும். எண்ணெய்ப் பிசுக்குக்கு அந்த சலுகை கிடையாது, எந்தத் தண்ணியா இருந்தாலும் கூடையும் மூடியும் தினம் சோப்பு, வாரம் ஒரு தடவை சோடா.

எஸ்ப்ரெஸ்ஸோ மெஷின், பாட்னு பொடி அடைச்ச குட்டி டப்பி போடுற மெஷின் வச்சிருக்கறவங்க நான் சொன்னதை அப்படியே பண்ணாதீங்க. அதுல பம்ப்பு, ரப்பர் வாஷர் எல்லாம் இருக்கு, நிறைய கம்பெனி மேனுவல்லயே வினிகர் கூடாதுன்னு போட்டிருப்பாங்க, அவங்க சொல்ற டீஸ்கேலரையும், அதாவது உப்பு எடுக்கற மருந்தையும், பட்டன் வரிசையையும்தான் பின்பற்றணும். அடுப்புல வச்சு காபி இறக்குற அலுமினிய மோக்கா பாட்டுக்கு வெறும் சுடுதண்ணியும் பிரஷ்ஷும் போதும்.

நம்ம ஸ்டீல் ஃபில்டரை மறந்துடக் கூடாது, மெஷின் இருக்கற வீட்லயும் பாதி பேர் ஞாயித்துக்கிழமை அதைத்தான் எடுப்பாங்க, அதுலயும் இதே ரெண்டு அழுக்குதான், ஆனா எண்ணெயும் தூளும்தான் மெயின். மேல் பாத்திரத்துல தண்ணி ஊத்தித் தூக்கிப் பிடிங்க, மழை மாதிரி எல்லா ஓட்டையிலயும் விழணும், ரெண்டு மூணு இடத்துல மட்டும் நூல் மாதிரி ஒழுகுனா அடைப்பு. எங்க அம்மா பண்ற வைத்தியம், மேல் பாத்திரத்தை மட்டும் காலியா காய வச்சு, ஓட்டைப் பக்கம் கீழ இருக்கற மாதிரி சிம்ல எரியுற அடுப்பு மேல இடுக்கியால பிடிச்சு ஒரு நிமிஷம் காட்டுவாங்க, லேசா புகையும், ஓட்டையில மாட்டுன தூள் கரியாகிடும், ஆற விட்டு தட்டி பிரஷ் போட்டா பொலபொலன்னு உதிரும். ஸ்டீல் லேசா நீலம் பாயும், பரவாயில்ல. ஆனா பித்தளை ஃபில்டரை அடுப்புல காட்டவே கூடாது, உள்ள பூசியிருக்கற வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிடும், அடுப்புத் தீக்கு அது எம்மாத்திரம். பித்தளைக்கு உள்பக்கம் சோடாத் தண்ணி, வெளிப்பக்கம் மட்டும் புளி. எதுவா இருந்தாலும் பொடி போடுறதுக்கு முன்னாடி மேல் பாத்திரம் எலும்பா காஞ்சிருக்கணும், ஈரம் இருந்தா பொடி ஓட்டையில அப்பிக்கிட்டு டிகாக்ஷன் மத்தியானம்தான் இறங்கும்.

மெஷின்ல ஓட்டுன ஆசிட் தண்ணியில இன்னும் நுரை வருதுன்னா கொட்டிடாதீங்க. அதை கெட்டில்ல ஊத்தி சூடு பண்ணி அரை மணி விட்டா அடியில இருக்கற வெள்ளை தானா விட்டுடும், மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் கவர்ல ஊத்தி பாத்ரூம் ஷவர் தலையைச் சுத்தி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைங்க, ஒரு மணி நேரத்துல அவிழ்த்துட்டு துணி போட்டுத் துடைச்சா அடைஞ்சிருந்த ஓட்டையெல்லாம் திறந்திருக்கும். நான் போன வாரம் அப்படித்தான் கட்டி வச்சேன், எங்க வீட்டுக்காரர் பாக்காம குழாயைத் திறந்து தலையோட நனைஞ்சுட்டு வந்தாரு.